முதலில் நீர், பிறகு உப்பு, அப்புறம் சத்து: வீட்டுத்தோட்ட மண்ணைச் சோதித்தலும் சீராக்கலும்

செடி வாடினால் உரக்கடைக்கு ஓடுகிறோம். மண்புழு உரம் ஒரு மூட்டை, வேப்பம்புண்ணாக்கு இரண்டு கிலோ, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று எப்சம் உப்பு ஒரு பாக்கெட். மண்ணுக்கு என்ன குறை என்று பார்க்காமலே வைத்தியம் தொடங்கிவிடுகிறது. தண்ணீரில் ஊறி, வேர் மூச்சுவிட முடியாமல் கிடக்கும் மண்ணில் எவ்வளவு உரம் கொட்டினாலும் செடி அதை எடுத்துக்கொள்ளாது. உப்பேறிய மண்ணில் ரசாயன உரம் போட்டால், இருக்கிற உப்போடு இன்னும் கொஞ்சம் உப்பு சேர்ந்ததுதான் மிச்சம்.

அதனால் இந்த அத்தியாயத்தில் ஒரு வரிசையை விடாமல் பிடித்துக்கொள்வோம். மண்ணில் நீர் இறங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உப்பும் காரமும் எந்த அளவில் இருக்கின்றன என்பது அடுத்தது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து பற்றிய கவலை அதற்கு அப்புறம்தான்.

வீட்டைச் சுற்றி இருப்பது என்ன மண்?

வயலில் மேல்மண் மேலேயே இருக்கும். வீட்டு மனையில் அப்படியில்லை. அஸ்திவாரம் தோண்டும்போது நாலைந்து அடி ஆழத்திலிருந்து வந்த அடிமண்ணைச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். பள்ளமான மனையாக இருந்தால் லாரி லாரியாகச் சவுடோ கிராவலோ கொட்டி மேடாக்கியிருப்பார்கள். பூச்சு வேலையின்போது சிந்திய சிமெண்ட், செங்கல் துண்டு, டைல்ஸ் சில்லு எல்லாம் அதற்குள்ளேயே புதைந்திருக்கும். நல்ல மேல்மண் இதற்கெல்லாம் கீழே எங்கோ அழுந்திக் கிடக்கிறது. சென்னைப் புறநகரிலோ கோவை, மதுரையின் புது நகர்களிலோ வீடு கட்டியவர்கள் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டிப் பார்த்தால் இந்த அடுக்குகளைக் கண்ணாலேயே காணலாம்.

ஒரே வீட்டில்கூட மண் ஒன்றுபோல் இருப்பதில்லை. வாசல் பக்கம் ரப்பிஷ் கலந்த மண், கொல்லையில் பழைய மண், துணி துவைக்கும் கல்லருகே சோப்புத் தண்ணீர் பாய்ந்து பாய்ந்து காரமேறிய மண். எனவே எந்தச் சோதனை செய்தாலும் இடத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே செய்யுங்கள். மூன்றையும் கலந்து சோதித்தால் வருகிற முடிவு மூன்று இடத்துக்கும் பொருந்தாது.

குழி தோண்டி நீர் ஊற்றுங்கள்

செலவே இல்லாத, ஆனால் மிக அதிகம் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது. ஓரடி நீள அகலம், ஓரடி ஆழத்தில் ஒரு குழி. அது நிறைய நீர் ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். இரவு முழுக்க ஆனாலும் சரி. மறுநாள் மீண்டும் நிரப்பி, குழிக்குள் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை அங்குலம் இறங்கியது என்பதே விடை. முதல் நாள் ஊற்றுவது சுற்றியுள்ள மண்ணை நனைக்க மட்டுமே. காய்ந்த மண் முதல் தண்ணீரை வேகமாகக் குடித்துவிடும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மணிக்கு ஓர் அங்குலத்திலிருந்து மூன்று அங்குலம்வரை இறங்கினால் காய்கறிக்கு நல்ல மண். ஓர் அங்குலத்துக்கும் குறைவென்றால் வடிகால் போதாது. நாலைந்து அங்குலம் சரசரவென்று இறங்கினால் நீரும் சத்தும் வேருக்கு எட்டாமல் கீழே ஓடுகின்றன என்று பொருள். குழியில் நீர் மறுநாளும் தேங்கிக் கலங்கலாகவே நின்றால் அது களராக, அதாவது சோடியம் ஏறிய மண்ணாக, இருக்கலாம் என்று சந்தேகியுங்கள். தோட்டத்தில் எத்தனை முறை பிடுங்கினாலும் கோரை முளைத்துக்கொண்டே இருக்கிறதென்றால் அதுவும் நீர் தேங்குவதற்கான சாட்சிதான்.

அடுத்தது மண்ணின் நயம். ஒரு கைப்பிடி மண்ணில் கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, சப்பாத்தி மாவுப் பதத்துக்கு நீர் தெளித்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்திப் பட்டையாக வெளியே தள்ளுங்கள். பட்டையே வராமல் உதிர்ந்தால் மணல். ஓர் அங்குலம் வந்து முறிந்தால் வண்டல் கலந்த நடுத்தர மண். இரண்டு அங்குலத்துக்கு மேல் முறியாமல் நீண்டால் களி.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் உயரமான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மேலே நீர், ஒரு சிட்டிகை துணிசோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படிந்துவிடும். வண்டல் படிய இரண்டு மணி நேரம். களி படிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள். படியப் படிய பாட்டிலின் வெளியே ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

பட்டாணி அளவு மண்கட்டி சொல்லும் சேதி

இந்தச் சோதனை நம் வீடுகளில் அவ்வளவாகத் தெரியாதது. ஆஸ்திரேலிய மண்ணியல் அறிஞர் எமர்சன் 1967இல் இதை முறைப்படுத்தினார். களர் நிலம் அதிகமுள்ள நமக்கு இதைப்போலப் பயன்படும் எளிய சோதனை வேறொன்றும் இல்லை என்பேன்.

நிழலில் நன்றாக உலர்ந்த, பட்டாணி அளவுள்ள மண்கட்டிகள் மூன்று எடுங்கள். தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் மழைநீரோ, கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரோ இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றிக் கட்டிகளை மெதுவாக இறக்குங்கள். கலக்காதீர்கள், கிண்ணத்தை நகர்த்தவும் வேண்டாம். போர்த் தண்ணீர் இதற்கு ஆகாது. அதிலுள்ள உப்பு களித்துகள்களை ஒட்டவைத்து உண்மையை மறைத்துவிடும்.

பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். கட்டி அப்படியே நின்றால் துகள்களைப் பிடித்துவைக்கும் மக்கு, அதாவது மக்கிய அங்ககப் பொருள், மண்ணில் இருக்கிறது. கட்டி உடைந்து சிறு குவியலாகச் சரிந்து, நீர் மட்டும் தெளிவாக இருந்தால் மக்கு போதாது. தொழு உரமும் மூடாக்கும் கேட்கிறது மண். கட்டியைச் சுற்றிப் பால் கலந்தாற்போல் ஒரு வெண்கலங்கல் வளையம் மெல்லப் பரவினால் அது சோடியத்தின் வேலை. களித்துகள்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து நீரில் மிதக்கின்றன. தோட்டத்திலும் இதுவேதான் நடக்கிறது: மழை பெய்ததும் பிரிந்த துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்து, காய்ந்ததும் மேலே ஓடுபோல இறுகி, விதை முளைத்து வெளியே வர முடியாமல் போகிறது. இதுதான் களர்.

காரம், சுண்ணாம்பு, உப்பு

மண்ணின் கார அமில நிலையைக் காட்டும் பிஎச் எண் 7 என்றால் நடுநிலை. காய்கறிக்கு 6.5 முதல் 7.5 வரை உகந்தது. 8 வரையிலும் பெரும்பாலானவை சமாளித்துக்கொள்ளும். பிஎச் தாள் மருந்தகங்களிலும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளிலும் கிடைக்கிறது. 20 கிராம் மண்ணில் 50 மில்லி பேட்டரி தண்ணீர் விட்டு, அவ்வப்போது கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு மேல்நீரில் தாளை நனைத்துப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் செம்பருத்திச் சாற்றைக்கொண்டும் செய்து காட்டலாம். அமிலத்தில் அடர் ரோஜா நிறமும் காரத்தில் பச்சையும் வரும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்; ஆனால் அதை நம்பி கந்தகமோ சுண்ணாம்போ வாங்கப் போகாதீர்கள்.

பிஎச் 8க்கு மேல் போனால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: காரத்துக்குக் காரணம் சுண்ணாம்பா, சோடியமா? உலர்ந்த மண்ணின் மேல் சமையல் வினிகர் சில சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. கரிசல் மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் காணும் சுக்கான் கற்கள் இந்தச் சுண்ணாம்புதான். காரைத்துண்டும் நுரைக்கும் என்பதால் அதைப் பொறுக்கிவிட்டு, சலித்த மண்ணில் பாருங்கள்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? சோடியத்தால் வந்த காரத்தை ஜிப்சம் மாற்றும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். சுண்ணாம்பால் வந்த காரத்தை ஜிப்சம் ஒன்றும் செய்யாது. கந்தகம் போட்டால் குறையும் என்று பல இடங்களில் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு சென்ட், அதாவது 436 சதுர அடி நிலத்தில் அரையடி ஆழத்துக்கு உள்ள மண் சுமார் எட்டரை டன். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றால் 425 கிலோ. அத்தனையும் கரைக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு, 136 கிலோ கந்தகம் வேண்டும்! ஒரு சென்ட் தோட்டத்துக்கு யார் இதைச் செய்வார்கள்? சுண்ணாம்பு மண்ணை மாற்ற முயலாமல், அதோடு வாழப் பழகுவதே சரி.

எப்படி வாழ்வது? அந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இளந்தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். செம்பருத்தியிலும் எலுமிச்சையிலும் மல்லிகையிலும் அடிக்கடி பார்க்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, மாலை வேளையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. தொட்டிச் செடிக்கும் இதே அளவுதான். சாம்பலும் முட்டை ஓடும் இந்த மண்ணுக்கு வேண்டவே வேண்டாம். சாம்பல் காரத்தை ஏற்றும், முட்டை ஓடு கார மண்ணில் கரையாமல் அப்படியே கிடக்கும்.

மண்ணைப் பார்த்தால் மட்டும் போதாது, பாய்ச்சும் தண்ணீரையும் பாருங்கள். இதைச் சொல்லாத தோட்ட ஆலோசனை எதையும் நான் மதிப்பதில்லை. நம் ஊர்களில் மண்ணைக் கெடுப்பது பெரும்பாலும் போர்த் தண்ணீர்தான். குடிநீர் வடிகட்டிக்காக வாங்கிய, கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் பேனா வீட்டில் கிடந்தால் அதுவே போதும். அது காட்டும் எண் (பிபிஎம்) 450க்குக் கீழே இருந்தால் எந்தச் செடிக்கும் கவலையில்லை. 450 முதல் 2000 வரை பயிர் பார்த்துப் பாய்ச்ச வேண்டும். 2000ஐத் தாண்டினால் காய்கறித் தோட்டத்துக்கு அந்த நீரை மட்டும் நம்பக் கூடாது. பீன்ஸ், கேரட், வெங்காயம் உப்பைத் தாங்கவே தாங்காது. தக்காளி கொஞ்சம் தாங்கும், பீட்ரூட் நன்றாகத் தாங்கும்.

இரண்டு தண்ணீரைத் தோட்டத்தில் விடவே கூடாது. ஒன்று, ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீர். உள்ளே போன உப்பெல்லாம் செறிந்து அதில்தான் வருகிறது. மற்றொன்று, சாஃப்ட்னர் வழியாக வரும் நீர். அது கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. மண்ணுக்கு நேர்மாறாகத்தான் வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லாக் குழாயிலும் சாஃப்ட்னர் நீர்தான் வருகிறதென்றால், தோட்டத்துக்கு மட்டும் அதற்கு முந்தைய இணைப்பிலிருந்து தனிக் குழாய் கேளுங்கள். சங்கக் கூட்டத்தில் வற்புறுத்திக் கேட்க வேண்டிய விஷயம் இது.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது

சத்துகளின் அளவை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. மாவட்டங்களில் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. வேளாண் அறிவியல் நிலையங்களிலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் சோதித்துத் தருகிறார்கள். 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் உண்டு: கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், பேரூட்டச் சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ஆங்கில வி வடிவில் அரையடி ஆழத்துக்கு வெட்டுங்கள். வெட்டிய மண்ணை எறிந்துவிட்டு, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரல் தடிமனுக்குச் சீவி எடுங்கள். எட்டுப் பத்து இடங்களில் இப்படி எடுத்துப் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, செய்தித்தாளில் பரப்பி நாலு பாகமாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துவிடுங்கள். அரைக்கிலோ மிஞ்சும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். இரும்பு வாளி கூடாது, நுண்ணூட்ட அளவு மாறிவிடும். எருக்குழி ஓரம், மரத்தடி, வரப்பு, இப்போதுதான் உரம் போட்ட பாத்தி ஆகியவற்றைத் தவிர்த்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, என்ன பயிர் வைக்கப் போகிறீர்கள் என்றும் எழுதிக் கொடுங்கள். பாய்ச்சும் நீரில் ஒரு லிட்டரையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.

எடுக்க ஏற்ற காலம் சித்திரை, வைகாசி. மழை கழுவாத மாதங்களில் உப்பு உச்சத்தில் இருக்கும், உண்மை நிலை தெரியும். ஆடிப்பட்டத்துக்குள் முடிவும் கைக்கு வந்துவிடும்.

அட்டை வந்ததும் பலர் கண் தழை, மணி, சாம்பலுக்குப் போகும். நீங்கள் மக்கின் அளவைக் காட்டும் அங்ககக் கரிமத்தை முதலில் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே குறைவு, 0.75க்கு மேல் நல்ல நிலை. உப்பின் நிலை மீட்டருக்கு 1 டெசி சைமனுக்குள் இருந்தால் பாதகமில்லை. 3க்கு மேல் போனால் பெரும்பாலான பயிருக்கு ஆகாது. பரிந்துரைகள் எக்டருக்குக் கிலோவில் இருக்கும். 250ஆல் வகுத்தால் ஒரு சென்ட்டுக்கு ஆகும் அளவு ஏறத்தாழ வந்துவிடும். காய்கறிக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம் என்றால் சென்ட்டுக்கு 100 கிலோ. பத்தடிக்கு நாலடிப் பாத்திக்கு ஒன்பது கிலோ.

சீராக்குதல்

ரப்பிஷ் மண்ணை உரம் போட்டுத் திருத்த முடியாது. ஒன்றரை அடி தோண்டிச் சல்லடையில் சலித்துக் கல்லையும் காரையையும் வெளியேற்றுங்கள். இடுப்பு ஒடியும் வேலைதான், ஆனால் ஒருமுறை செய்தால் போதும்.

களிமண்ணில் மணல் கலக்கச் சொல்வார்கள். வேண்டாம். கொஞ்சம் மணல் சேர்ந்த களி, காய்ந்ததும் முன்னைவிடக் கெட்டியாக இறுகும். பயன் தெரிய வேண்டுமானால் பாதிக்குப் பாதி மணல் வேண்டியிருக்கும். அதற்குப் பதில் தரையிலிருந்து முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தி போட்டு, மக்கிய எருவை அரையடி ஆழத்துக்குக் கலந்து, அதன்மேல் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாக மணல் மண்ணில் ஏரி வண்டல் கலப்பது நல்ல பலன் தரும். கோடையில் ஏரி வண்டலை அள்ளி வயலுக்கு அடிப்பது நம் உழவர்களின் பழைய வழக்கம். அதன் காரணமே இதுதான்.

களர் மண்ணுக்கு ஜிப்சம் எவ்வளவு என்பதை ஆய்வகம் கணக்கிட்டுச் சொல்லும். அதைக் கலந்த பிறகு பாத்தியைக் கரைகட்டி நல்ல நீரை நிரப்பி வடியவிட வேண்டும். வெளியேறிய சோடியம் கீழே கழுவிப் போனால்தான் வேலை முடிந்தது. வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் போடுவது வீண். மாடி மழைநீரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாத்திக்குத் திருப்பிவிட்டால் உவர் எனப்படும் உப்பேற்றமும் களரும் சேர்ந்தே கழுவப்படும். நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து அமில மண்ணுக்கு மட்டும் சுண்ணாம்போ டோலமைட்டோ தேவைப்படும், அதுவும் ஆய்வகம் சொன்ன அளவில்.

தென்னை நார்க்கழிவுக் கட்டியை அப்படியே மண்ணில் கலக்காதீர்கள். ஊறவைத்துப் பிழிந்து, பிழிந்த நீரை டிடிஎஸ் பேனாவால் அளந்து பாருங்கள். உங்கள் குழாய்த் தண்ணீரின் அளவுக்கு இறங்கும்வரை கழுவ வேண்டும். மக்காத நார்க்கழிவு மண்ணின் தழைச்சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் மக்கிய நார்க்கழிவாகவே கேட்டு வாங்குங்கள்.

நம் வெயிலில் மக்கு வேகமாகக் கரைந்து போகிறது. ஒரு வருடம் போட்ட எருவை மறுவருடம் தேடினால் இருக்காது. ஆகவே எரு பட்டத்துக்குப் பட்டம் போக வேண்டும், மண்மேல் எப்போதும் மூடாக்கு இருக்க வேண்டும். வேம்பும் மாவும் உதிர்க்கும் சருகைக் காலையில் பெருக்கித் தெருவில் கொளுத்துகிறோமே, அது மனதை வருத்துகிற காட்சி. தோட்டத்துக்கு வேண்டிய மிக நல்ல பொருளைப் புகையாக்கிவிட்டு, கடையில் மூட்டை மூட்டையாக எரு வாங்குகிறோம். சருகைப் பாத்தியில் நாலு விரல் உயரத்துக்குப் பரப்பிவிடுங்கள். தண்டை மட்டும் தொடாதபடி சற்று விலக்கி வையுங்கள்.

இடம் காலியாகக் கிடக்கும் மாதங்களில் பசுந்தாள் விதையுங்கள். நல்ல மண்ணென்றால் சணப்பு. களரிலும் உவரிலும் தக்கைப்பூண்டு நன்றாக வரும், சென்ட்டுக்கு 200 கிராம் விதை போதும். 40 முதல் 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கும்போது தண்டு முற்றுவதற்குள் வெட்டிச் சிறு துண்டாக்கி மண்ணோடு கொத்திவிட்டு, ஈரம் காயாமல் மூன்று வாரம் விடுங்கள். அதற்குள் நாற்று நடாதீர்கள். பசுமையாகக் கிடக்கும் தழை மக்கும் சூட்டில் இளவேர் கருகும்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் போன்ற இயற்கைக் கரைசல்களும் மக்கு நிறைந்த மண்ணில்தான் வேலை செய்யும். எரு இல்லாத மண்ணில் அவற்றை மட்டும் ஊற்றிப் பலன் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த சித்திரையில் அதே இடத்தில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள், மண்கட்டியையும் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள். நீர் இறங்கும் வேகத்திலும் கட்டியின் உறுதியிலும் மாற்றம் ஒரே வருடத்தில் தெரியத் தொடங்கும். அங்ககக் கரிமம் அப்படி ஏறாது, அதற்கு மூன்று நாலு வருடம் ஆகும். ஆய்வகச் சோதனையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் மட்டும் உப்பின் நிலையையும் கார அமில நிலையையும் வருடா வருடம் பார்த்துவிடுவது நல்லது. தேதியோடும் இடத்தோடும் ஒரு நோட்டில் எழுதி, பழைய மண்வள அட்டைகளையும் அதிலேயே ஒட்டி வையுங்கள்.